ரீவைண்டிங் பட்டறையில் ஒரு ரோபோ

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் அப்பாவுக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. நான் பி.காம். முடித்துவிட்டு அங்கேயே கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் ரோபோ கிறுக்கு. ஆர்டுயினோ ஊனோ என்ற, நாமே புரோகிராம் எழுதக்கூடிய சின்ன சர்க்யூட் போர்டை வாங்கி, கறுப்புக் கோட்டின் மேல் ஓடும் சின்ன வண்டி ஒன்று செய்தேன். ஆனால் சக்கரம் கிளம்பும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. மொட்டை மாடி வெயிலில் விட்டால் கோடே தெரிவதில்லை. மனிதனைப் போல நடக்கும் ரோபோக்களை வீடியோவில் பார்க்கும்போது, நான் செய்வது வெறும் பொம்மைதானே என்று இருக்கிறது. பொறியியல் படிக்காதவன் இதைத் தொடரலாமா?

எம்., திருமங்கலம்

அன்புள்ள எம்.,

தாராளமாகத் தொடரலாம். ரீசெட்டுக்குக் காரணம் உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. பெரிய மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், பல்பு மங்கும். அப்பாவிடம் கேளுங்கள், சொல்வார். உங்கள் வண்டியின் சின்ன டிசி மோட்டாரும் கிளம்பும்போது அப்படித்தான் இழுக்கிறது. சுழலத் தொடங்கிய பிறகுதான் அதற்குள் எதிர் வோல்டேஜ் உண்டாகிக் கரண்ட் அடங்கும். அதற்குள் பேட்டரி வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனால் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்; கோளாறாகக் கணக்குப் போடாமலிருக்க வைத்த பாதுகாப்பு அது. சதுரமான 9 வோல்ட் பேட்டரி போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், அதற்கு அவ்வளவு தெம்பு கிடையாது. மோட்டாருக்குத் தனி பேட்டரி, போர்டுக்குத் தனி. இரண்டின் கிரவுண்டையும், அதாவது மைனஸ் முனையையும், மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

வெயில் விஷயம் எனக்கு இன்னும் பிடித்தது. கோட்டைக் கண்டறியும் உங்கள் சென்சார் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கிறது. நம் பக்கத்து வெயிலில் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறதே, பாவம் அது என்ன செய்யும்? சுற்றிலும் கறுப்பு அட்டை கட்டி மறையுங்கள். அப்புறம் எல்இடியை அணைத்து ஒரு முறை, எரியவிட்டு ஒரு முறை அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். வெயில் பெரும்பாலும் கழிந்துபோகும். டிவி ரிமோட் தன் ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கவிடுவதும் இதற்காகத்தான்; ரிசீவர் அந்தத் துடிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

சரி, பொம்மையா என்று கேட்டீர்கள். 1940களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமை ரோபோக்கள் செய்தார். ஒவ்வொன்றிலும் பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுகள் இரண்டே இரண்டு. அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின, இடித்தால் விலகின, சார்ஜ் குறைந்தால் கூட்டுக்குத் திரும்பின. மூளையைப் புரிந்துகொள்ளச் செய்த பொம்மைகள் அவை. இன்றும் ரோபோ வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் அவற்றைச் சொல்லாமல் விடுவதில்லை.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டி உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை தோட்டங்களில் இருக்கிறது! தண்ணீர் இல்லாவிட்டால் பம்புக்குப் பாரம் குறையும், கரண்ட் இறங்கும், பெட்டி அதைக் கண்டு மோட்டாரை அணைக்கிறது. உணர்ந்து, முடிவெடுத்து, செய்கிறது. நடக்கும் ரோபோவின் ஒவ்வொரு மூட்டிலும் நடப்பது இதேதான், நொடிக்குப் பல நூறு தடவை.

அடுத்து இதைச் செய்யுங்கள். ஏசிஎஸ்712 என்ற கரண்ட் சென்சாரை வண்டியின் மோட்டார் வயரில் இணையுங்கள். சக்கரம் எங்காவது சிக்கினால் கரண்ட் ஏறும். ஏறியதும் வண்டி பின்வாங்கித் திரும்ப வேண்டும். பேட்டரியில் மட்டும் செய்யுங்கள். பட்டறையின் த்ரீ பேஸ் லைனில் வைத்துப் பார்க்க ஆசை வந்தால், அப்பா பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.