மிருதங்க ஒலிப்பதிவை ஓடவிட்டு வயலின் சாதகம் (பயிற்சி) செய்தால் தாளம் நிற்குமா? டீச்சர் வேண்டாம் என்கிறாரே?

உங்கள் டீச்சர் பக்கம்தான் நான். ஆனால் அவர் சொல்லியிருக்கக்கூடிய காரணத்துக்காக இல்லை.

நீங்களும் என்னைப் போல வேலை முடிந்து வந்து, இரவு எட்டரைக்கு மேல் பெட்டியைத் திறக்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் எந்த மிருதங்கக்காரர் வீட்டுக்கு வருவார்? செல்போன்தான் வரும். அதில் தப்பே இல்லை.

எனக்கு இது புதிதும் இல்லை. 1993இல் பள்ளியில் படித்தபோது என் வாத்தியார் ஒரு கேசட்டில் தம்பூராவும் மிருதங்கமும் பதிந்து கொடுத்தார். சுருதி இரண்டரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்க இறங்க ஓட்டம் குறையும், ஓட்டத்தோடு சுருதியும் இறங்கும். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தாலே அரைக் கட்டை போய்விடும். நான் பாட்டுக்கு அதற்கேற்பத் தந்தியைத் தளர்த்தி ஒரு வாரம் வாசித்தேன். வகுப்பில் வாத்தியார் என் வயலினை வாங்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "என்னடா, ரெண்டு கட்டைல நிக்குது?" என்றார். இப்போதைய செயலிகளில் வேகத்தைக் குறைத்தாலும் சுருதி அசையாது. ஆக, அந்தத் தொல்லை உங்களுக்குக் கிடையாது. வேறு தொல்லை இருக்கிறது.

நடுவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 43 வயதில் மறுபடி ஆரம்பித்தேன். இரண்டு வருடம் தினமும் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தைச் செயலியில் ஓடவிட்டு வாசித்தேன். ஒரு தடவைகூட விலகியதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2023 நவராத்திரியில் எங்கள் பக்கத்துக் கோயிலில் கால் மணி நேரம் கொடுத்தார்கள். மிருதங்கத்துக்கு ஒரு நிஜ மனிதர் வந்து உட்கார்ந்தார். எடுத்துக்கொண்ட கீர்த்தனைக்கு அரை இடம் தள்ளி எடுப்பு, அதாவது தாளத்தின் முதல் தட்டில் இல்லாமல் சற்றுத் தள்ளித்தான் பாட்டு தொடங்கும். பல்லவி தப்பித்தது. சரணத்தில் அவர் ஒரு சின்னத் தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) வைத்துவிட்டு, சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டில், எதையும் தட்டாமல் கார்வை (இடைவெளி) விட்டார். நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். என் செயலியில் ஒவ்வொரு ஆவர்த்தனமும் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) கனமான ஒரு "தொம்" போட்டுத்தான் தொடங்கும். இங்கே "தொம்" வரவில்லை, நானும் வரவில்லை. ஒரு எண்ணிக்கை கழித்து நுழைந்தேன். அந்த மனிதர் முகம் கோணாமல், அடுத்த ஆவர்த்தனத்தில் எனக்காகவே ஓங்கி ஒரு "தொம்" வைத்துக் கூட்டிப்போனார். முடிந்ததும், "சார், தாளத்த நீங்க போடல. கேட்டுட்டு இருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

பாடுகிறவருக்குத் தொடை இருக்கிறது, தட்டிக்கொள்ளலாம். நமக்கு இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கிறது. தாளம் காலிலோ மனசிலோ ஓட வேண்டும். வெளியே ஒருவர் ஓயாமல் தட்டிக்கொடுத்தால் அது ஏன் உள்ளே ஓடப்போகிறது?

இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது. வெறும் சுருதியோடு பதிவுசெய்து கேட்டேன். சரணத்தில் ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் நீண்ட கார்வை வரும் இடத்தையெல்லாம் முக்கால் பங்கில் வெட்டியிருந்தேன். பின்தங்கும் போதெல்லாம் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள ஸ்வரத்தை விழுங்கிப் பழகியிருக்கிறேன். மிருதங்கச் சத்தத்தில் அது வெளியே தெரியவில்லை.

"மேல்நாட்டில் 1950லேயே சோலோ வாத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு இசைத்தட்டு போட்டார்களே, அவர்கள் என்ன முட்டாள்களா?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. அங்கே அநேகமாக எல்லாம் தாளில் எழுதியிருக்கிறது. நம் மிருதங்கக்காரர் உங்கள் சங்கதியை (ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் விதத்தை) பார்த்து அதற்குத் தகுந்த சொல்லைப் போடுகிறவர். நான் வித்வான் இல்லை, கருவியே கூடாது என்று சொல்லவும் இல்லை. தம்பூரா செயலி இல்லாமல் நானும் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை.

     

சரி, நான் இப்போது செய்வது இது. முதலில் உருப்படியை (வாசிக்கப்போகும் பாட்டை) தொடையில் தாளம் போட்டு வாயால் பாடிவிடுவேன். அப்புறம் தம்பூராவும் காலும் மட்டும். கடைசியில்தான் மிருதங்கம், அதுவும் நிமிடத்துக்கு 60 எண்ணிக்கையில். அந்த வேகத்தில் ஒரு ஆவர்த்தனம் 8 வினாடி. ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் யாரையாவது ஒலியை அடைக்கச் சொல்லி, நான்கு ஆவர்த்தனம், அதாவது 32 வினாடி, வாசித்துக்கொண்டே போய்த் திறக்கச் சொல்வேன். சமத்தில் இருவரும் சந்திக்கிறோமா என்று பார்ப்பது. என் மகள் இதற்கென்றே வந்து உட்காருகிறாள், நான் தப்பும்போது சிரிக்கலாமே என்று. ஐந்து தடவைக்கு இரண்டு தடவை இன்னும் சிரிக்கிறாள்.