வெடிக்கும் விண்மீன்களின் ஒளி: மகளின் விருப்பமும் தந்தையின் கவலையும்

மதிப்பிற்குரிய ஐயா,

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், வெடிக்கும் விண்மீன்களின் ஒளியைக் கணினியில் கணிக்கும் ஆராய்ச்சிக்குப் போக விரும்புவதாகவும், எம்.சி.ஏ. சேர்த்துவிட்டால் வேலை உறுதி என்று தாங்கள் கருதுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் விரும்பும் துறையிலும் நாளின் பெரும்பகுதி நிரல் எழுதுவதிலும் பிழை தேடுவதிலுமே கழியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) ஒன்று வெடிக்கும்போது உருவாகும் கதிரியக்க நிக்கல்-56, சுமார் 6 நாள் அரை ஆயுளுடன் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) கோபால்ட்டாகவும், அது 77 நாள் அரை ஆயுளுடன் இரும்பாகவும் சிதைகிறது. வாரக்கணக்கில் நாம் காணும் ஒளிக்கு இந்தச் சிதைவின் ஆற்றலே காரணம். விரிந்தோடும் அந்தப் பொருளுக்குள் நிரல் லட்சக்கணக்கான ஒளிப் பொட்டலங்களை அனுப்பும். ஒவ்வொன்றும் எங்கே சிதறும், எங்கே உட்கவரப்படும் என்பதை மான்டி கார்லோ முறையில் தற்செயல் எண்கள் முடிவுசெய்ய, தப்பி வெளியேறியவற்றைத் தொகுத்தால் நிறமாலை கிடைக்கும். அதில் 6355 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) அலைநீளத்தில் இருக்க வேண்டிய சிலிக்கான் கோடு, பொருள் நொடிக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதால், 6150-க்கு அருகே, ஒளி குறைந்த பள்ளமாக விழும். தொலைநோக்கியில் பதிவான பள்ளத்தோடு அது பொருந்தாவிட்டால், அடர்த்தியையோ தனிமங்களின் விகிதத்தையோ மாற்றி மறுபடியும் ஓட்ட வேண்டும். இதற்கான பொறுமை இருக்கிறதா என்பதை மதிப்பெண் பட்டியல் காட்டாது.

பைத்தானில் எழுதப்பட்ட டார்டிஸ் என்னும் இலவச நிரல் மடிக்கணினியிலேயே ஓடும். வரும் விடுமுறையில் தங்கள் மகளே அதை நிறுவி, அந்தப் பள்ளத்தை வரவழைத்துப் பார்க்கட்டும். இத்துறைக்கு அடிப்படையான, ஒளி பொருளினூடே செல்லும் விதத்தைச் சொல்லும் கதிர்வீச்சுக் கடத்தல் கோட்பாட்டை வளர்த்த விண்ணியற்பியலாளர் சந்திரசேகர் நம் மாநிலக் கல்லூரி மாணவர்தாம் என்றாலும், அந்தப் பெருமையை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

வருமானத்தில் தங்கள் கவலை நியாயமானது. முதுநிலைக்குப் பின் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதன்பின் சில ஆண்டுகள் ஒப்பந்த ஆய்வுப் பணிதான்; நிரந்தர இடங்கள் குறைவு. ஆனால் கற்ற தொழில் வீணாகாது. புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சையின் அளவைக் கணிக்கவும் இதே மான்டி கார்லோ முறை பயன்படுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்திலேயே மருத்துவ இயற்பியல் முதுநிலைப் படிப்பு உண்டு.

ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடைபெறும். மூன்றாம் ஆண்டில் அதை எழுதலாம். எம்.சி.ஏ.வுக்கான டான்செட் தேர்வையும் அதே ஆண்டில் எழுதத் தடையில்லை.