பதில்: ஊசி போட்டு தொடை வீங்கிடுச்சு, அடுத்த டோஸ் போடலாமா?

சிஸ்டர், பத்தாவது வார பென்டாவேலன்ட் ஊசி (அஞ்சு நோய்க்கு சேத்து போடுற தடுப்பூசி) போட்ட அன்னிக்கு ராத்திரி காய்ச்சல், தொடை கல்லு மாதிரி வீங்கிடுச்சு, மாமியார் "ஒத்துக்கல, அடுத்தது வேணாம்"னு சொல்றாங்கன்னு போட்டிருக்கீங்க. நீங்க சொல்றத பாத்தா அது அலர்ஜி மாதிரி தெரியல. அந்த ஊசில இருக்க கக்குவான் இருமல் தடுப்பு மருந்துக்கு காய்ச்சலும் வீக்கமும் சகஜம், ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும்.

நெஜ அலர்ஜி பெரும்பாலும் சில நிமிஷத்துலயே வந்துரும், உடம்பு பூரா தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு, விடாம வாந்தி, குழந்தை துவண்டு போறது இப்டி. அதுக்குத்தான் அரை மணி நேரம் உக்கார சொல்றாங்க, நாம என்னடான்னா ஆட்டோவ நிக்க வச்சிட்டு கிளம்பிடுறோம்! அப்டி வந்தா தொடைல அட்ரினலின், அதான் கடுமையான அலர்ஜிக்கு போடுற அவசர ஊசி, உடனே போடணும்.

என் பொண்ணுக்கு 9 மாச எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போட்டு பத்தே நிமிஷத்துல வயிறு முதுகெல்லாம் தடிப்பு. அலர்ஜி டாக்டர்கிட்ட போனோம், அவர் மொதல்ல கேட்டதே எத்தன நிமிஷத்துல வந்துச்சு, கார்டுல பேட்ச் நம்பர் இருக்கான்னுதான், அப்றம் அலர்ஜிக்கு குடுக்குற செட்ரிசின் மருந்த நிறுத்திட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாரு, அது உள்ள இருந்தா தோல் டெஸ்ட் சரியா காட்டாதாம். ஊசி மருந்து கெடாம இருக்க சேக்குற ஜெலட்டினுக்கும் சேத்து டெஸ்ட் பண்ணாரு. ரெண்டாவது டோஸ ஆஸ்பத்திரிலயே வச்சு கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு போட்டாங்க, ஒண்ணும் ஆகல.

உங்களுக்கு அவ்ளோ தூரம் தேவைப்படாதுன்னு தோணுது, ஆனா 14வது வார ஊசிக்கு முன்னாடி குழந்தை டாக்டர்கிட்ட இத சொல்லிருங்க. தடிப்போ மூச்சு இழுப்போ இருந்துச்சுன்னா மட்டும் அலர்ஜி டாக்டர பாக்காம அடுத்த டோஸ் போடாதீங்க. வீக்கத்துக்கு ஈரத்துணி போதும், தேய்க்காதீங்க.