கேரியர் எப்படி மூழ்குது? கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில்

கே: ஒரே டார்பிடோல (தண்ணிக்குள்ள பாஞ்சு வர்ற குண்டு) ஒரு பெரிய விமானந்தாங்கி கப்பல், அதான் கேரியர், மூழ்குமா?

ப: மூழ்கியிருக்கு. ஜப்பானோட தைஹோ, 1944 ஜூன் 19, பிலிப்பைன் கடல் சண்டை. மேல்தளத்துக்கே கவசம் போட்ட புதுக் கப்பல். அமெரிக்க நீர்மூழ்கி அல்பகோர் விட்டதுல ஒண்ணுதான் பட்டுச்சு, கப்பல் அது பாட்டுக்கு ஓடிட்டுதான் இருந்துச்சு, ஆனா உள்ள பெட்ரோல் டேங்க் கசிஞ்சு ஆவி சேர, அத வெளியேத்தறேன்னு வென்டிலேஷன் எல்லாத்தையும் தொறந்து விட்டாங்க பாருங்க, ஆவி கப்பல் பூரா பரவி, ஆறு மணி நேரம் கழிச்சு எங்கயோ ஒரு பொறி, டமார். கேஸ் லீக் ஆன வீட்ல ஃபேன் சுவிட்ச போட்ட கதைதான். 1942 மே 8, பவளக்கடல்ல அமெரிக்க கேரியர் லெக்சிங்டனுக்கும் இதே பெட்ரோல் ஆவிதான் எமன். குண்டு எத்தனைன்னு எண்ணாதீங்க, பெட்ரோல பாருங்கன்னு நான் தொண்டை கிழிய கத்தறது இதுக்குத்தான்.

கே: 1971 போர்ல இந்தியாவோட கேரியர் விக்ராந்துக்கு என்னாச்சு?

ப: ஒண்ணும் ஆகல. அத தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜிதான் விசாகப்பட்டினத்துகிட்ட மூழ்குச்சு.

கே: இலங்கை பக்கம் ஒண்ணு கிடக்காமே?

ப: பிரிட்டனோட ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9, மட்டக்களப்புக்கு நேரா. தாக்குதல் வரும்னு முந்தின ராத்திரியே திருகோணமலைய விட்டு கிளம்பிடுச்சு, ஆனா கப்பல்ல ஒரு விமானம்கூட இல்ல. ஜப்பான் டைவ் பாம்பருங்க (செங்குத்தா பாஞ்சு குண்டு போடற விமானங்க) கண்டுபிடிச்சு அடிச்சதுல 300 பேருக்கு மேல போய்ட்டாங்க. தப்பிச்சவங்கள வீட்டாங்கற ஆஸ்பத்திரிக் கப்பல் தூக்குச்சு.

கே: விமானமே இல்லாதத கேரியர் கணக்குல சேக்கறது அழுகுணி ஆட்டம் சார்.

ப: பாசஞ்சர் இல்லன்னா பஸ் பஸ் இல்லையா?

கே: விமானம் இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்ல?

ப: அதோட சோர்ட்ஃபிஷ் எல்லாம் ரெண்டடுக்கு ரெக்கை வெச்ச டார்பிடோ விமானம். அதுங்க ஏறியிருந்தாலும் டைவ் பாம்பர தடுத்திருக்காது. வேண்டியிருந்தது ஃபைட்டர், எதிரி விமானத்த வானத்துலயே அடிக்கறது.

கே: கரையில ஃபைட்டர் இருந்துச்சே, கூப்பிட்டிருக்கலாமே?

ப: கூப்பிட்டாங்கய்யா. வந்து சேர்றதுக்குள்ள கப்பல் தண்ணிக்குள்ள.

கே: அப்ப அது சண்டை இல்ல, வேட்டை.

ப: சரி, இத ஒத்துக்கறேன்.

கே: ஜப்பான் கேரியர் ஷினானோ பத்தி எழுதுங்க.

ப: சர்வீஸ்ல சேந்து பத்தாவது நாள், 4 டார்பிடோ பட்டு மூழ்குச்சு, வேலையே முடியாத கப்பல். தனியா எழுதணும், இங்க வேணாம்.

கே: இந்த மிசைல் காலத்துல கேரியர் தேறுமா?

ப: 1945க்கு அப்புறம் கடல் சண்டைல ஒண்ணுகூட மூழ்கல. மிச்சம் எல்லாம் ஜோசியம், நான் பாக்கறதில்ல.

கே: ஒரு டார்பிடோ போதுமா சார்?

ப: தைஹோ. மேல இருக்கு, போய் படிங்க.