ஹார்த்ஸ்டோன்ங்கற ஆன்லைன் கார்டு கேம நேரலையா ஸ்ட்ரீம் பண்ணிக்கிட்டே போட்டியிலயும் ஆட முடியுமா? கைல இருக்க கார்டு எதிராளிக்குத் தெரிஞ்சிடாதா?

டிலே, அதாவது ஸ்ட்ரீம் பாக்குறவங்களுக்குக் கொஞ்சம் தாமதமா போய்ச் சேர்ற மாதிரி வைக்கலன்னா கண்டிப்பா தெரியும். லெஜண்ட்ங்கற உச்ச ரேங்க்ல மேல போகப்போக ஆளுங்க கம்மி, அதே ஆளுங்க கூடத்தான் திரும்பத் திரும்ப மேட்ச் விழும், அதுல ஒருத்தர் ட்விட்ச்ங்கற ஸ்ட்ரீமிங் தளத்துல உங்க சேனல இன்னொரு டேப்ல தொறந்து வச்சிருந்தா போதும். மேஜ்ங்கற மந்திரவாதி கிளாஸ் ஆடுறீங்க, எதிராளியோட மினியன் (களத்துல இறக்குற வீரர் கார்டு) எல்லாத்தையும் ஒரே நேரத்துல தாக்குற ஃப்ளேம்ஸ்ட்ரைக் கார்டு கைல இருக்கு, 7 மனா (கார்டு போடத் தேவையான சக்தி) வந்ததும் அவரோட போர்ட மொத்தமா காலி பண்ணலாம்னு காத்திருக்கீங்கன்னு வைங்க, அத பாத்தவரு ரெண்டு மினியனோட நிறுத்திட்டு மிச்சத்த கைலயே வச்சுக்குவாரு, உங்க கார்டு வீண்.

அதனால சில நிமிஷம் டிலே வைங்க. ஆனா அதுல ஒரு கஷ்டம், ஒரு டர்னுக்கு ஒண்ணேகால் நிமிஷம்தான், நீங்க அடுத்த டர்ன் முடிச்சப்புறம்தான் சாட்ல பழைய டர்னுக்கு ஐடியா வரும், பேச்சே ஒட்டாது. அதுக்காக டிலேவ எடுத்துடாதீங்க, ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தீங்கன்னு வாய்விட்டு சொல்லிட்டே ஆடுங்க, பாக்குறவங்களுக்கு அதுதான் வேணும், உங்க ஆட்டமும் அதுலயே தேறும்.

போட்டி வேற விஷயம். கான்க்வெஸ்ட் முறைல பெரும்பாலும் 4 டெக் (கார்டு கட்டு) கொண்டு போவீங்க, எதிராளி ஒண்ண ஆடக்கூடாதுன்னு பேன் பண்ணுவாரு, மிச்சம் மூணுலயும் தனித்தனியா ஜெயிக்கணும். ஒவ்வொரு டெக்லயும் எந்த 30 கார்டுனு முன்னாடியே ஸ்ட்ரீம்ல காட்டிட்டா எத பேன் பண்றதுன்னு அவரு வீட்லயே யோசிச்சுட்டு வந்துடுவாரு, அதனால லைன்அப் (போட்டிக்குக் கொண்டு போற அந்த டெக்குங்க) பிராக்டிஸ மட்டும் ஸ்ட்ரீம ஆஃப் பண்ணிட்டு நண்பர்களோட ஆடுங்க. போட்டி மேட்ச ஸ்ட்ரீம் பண்ண விடுவாங்களா, எவ்ளோ டிலே கேப்பாங்கன்னு அந்தந்த ரூல்ஸ முதல்ல படிச்சுக்கோங்க.