பாலஸ்தீன கிராமங்கள்ல போய் தங்குற வாலண்டியர்கள் அங்க என்னதான் பண்றாங்க? அதனால ஊர்க்காரங்களுக்கு என்ன பிரயோஜனம்?

பாதி நேரம் ஒண்ணும் பண்றதில்ல, கூட இருக்காங்க, அவ்ளோதான். கிண்டலுக்கு சொல்லல, கூட இருக்கிறதுதான் அங்க வேலையே. நான் லண்டன்ல இருந்தப்போ ஒரு குரூப்போட நாப்லஸ் பக்கம் ஆலிவ் பறிக்கப் போயிருக்கேன், அப்படியே தெற்கு ஹெப்ரான் மலைப் பக்கமும் எட்டிப் பார்த்துட்டு வந்தேன். அந்த அளவுல தெரிஞ்சதை சொல்றேன்.

ஆலிவ் பறிப்பு அக்டோபர், நவம்பர்ல. மேற்குக் கரையில, அதாவது இஸ்ரேல் ராணுவக் கட்டுப்பாட்டுல இருக்கிற பாலஸ்தீனப் பகுதியில, நிறைய பேரோட தோப்பு யூதக் குடியேற்றத்தை (அங்க இஸ்ரேலியர்கள் வந்து கட்டிக்கிட்ட ஊரை) ஒட்டி இருக்கும், சொந்த நிலம்தான் ஆனா நெனச்ச நாள்ல உள்ள போக முடியாது, இஸ்ரேல் மிலிட்டரி சில நாள் மட்டும் பர்மிஷன் குடுக்கும், அதையும் கடைசி நேரத்துல கேன்சல் பண்ணும். 2006ல இஸ்ரேல் சுப்ரீம் கோர்ட்டே விவசாயியைத் தடுக்காதீங்க, அவங்களுக்குப் பாதுகாப்பு குடுங்கன்னு ராணுவத்துக்கு சொல்லியாச்சு, ஆனாலும் நிலைமை இதுதான். அந்த சில நாளுக்குள்ள எல்லா மரத்தையும் முடிக்கணும்னா வீட்டு ஆளுங்க பத்தாது, அதனாலதான் வெளியாளுங்க. மரத்தடியில தார்ப்பாய் விரிச்சு, காயை கையால உருவி, எட்டாததை பிளாஸ்டிக் சீப்பால வாரி, மூட்டை கட்டுறது. அந்த வீட்டுப் பாட்டி பின்னாடியே வந்து நாங்க விட்ட காயைப் பொறுக்கிட்டே திட்டுவாங்க, அரபி தெரியாட்டியும் திட்டுறது நல்லாவே புரியும்.

ஆனா இதோட அர்த்தம் எனக்குப் பிடிபட்டது தெற்கு ஹெப்ரான்ல, மசாஃபர் யத்தாங்கிற பகுதியில. சின்னச் சின்ன ஊருங்க, ஆடு மேய்க்கிற ஜனங்க, சில குடும்பங்க இன்னும் குகையிலதான் இருக்காங்க. 1980கள்ல அந்த ஏரியாவை ராணுவத் துப்பாக்கிப் பயிற்சி மண்டலம் 918ன்னு அறிவிச்சாங்க, 1999ல எழுநூறு பேர் வரைக்கும் வெளிய துரத்தினாங்க, கோர்ட் இடைக்காலத் தடை குடுத்து 2000ல திரும்ப வந்தாங்க, கேஸ் இருபது வருஷத்துக்கு மேல இழுத்து 2022 மே மாசம் ராணுவம் பக்கம் தீர்ப்பாச்சு.

அங்க துபான்னு ஒரு ஊர். அந்த ஊர்ப் புள்ளைங்களுக்கு ஸ்கூல் அத்-துவானியில. நேர் வழி ஒரு குடியேற்றத்துக்கும் அதை ஒட்டி அனுமதியில்லாம போட்ட சின்னக் குடியிருப்புக்கும் (அவுட்போஸ்ட்) நடுவுல போகுது, போற வர்ற வழியில செட்டிலர்ஸ், அதாவது அந்தக் குடியேற்றத்து ஆளுங்க, கல்லெறிவாங்க, விரட்டுவாங்க, அதனால புள்ளைங்க மலையைச் சுத்திப் பல மடங்கு தூரம் நடக்கணும். 2004ல அமெரிக்க வாலண்டியர்கள் ரெண்டு பேர் கூட நடக்க ஆரம்பிச்சாங்க, முகமூடி போட்ட ஆளுங்க வந்து சங்கிலியாலயும் கட்டையாலயும் அடிச்சதுல ஒருத்தருக்கு நுரையீரல்ல ஓட்டை, ஒருத்தருக்குக் கை உடைஞ்சுச்சு. அடி வாங்கினது வெளிநாட்டு பாஸ்போர்ட்ங்கிறதால நியூஸ் ஆச்சு, இஸ்ரேல் பார்லிமென்ட் கமிட்டி வரைக்கும் போய், ராணுவ ஜீப்பே அந்தப் புள்ளைங்களுக்குத் துணையா வரணும்னு முடிவாச்சு. புள்ளைங்க வருஷக்கணக்கா அடி வாங்கினப்போ ஏன் நியூஸ் ஆகலன்னு நீங்க கேட்டா நியாயமான கேள்வி, ஊர்க்காரங்களுக்கும் அது தெரியும், தெரிஞ்சுதான் இவங்களைக் கூப்பிடுறாங்க.

சரி ஜீப் வந்துடுச்சே, அப்புறம் வாலண்டியர் எதுக்கு? ஜீப் டைமுக்கு வராது. அதனால இத்தாலியில இருந்து வந்த ஆபரேஷன் டவ்ங்கிற வாலண்டியர் குரூப் ஆளுங்க தினம் காலையில தூரமா ஒரு மேட்டுல நின்னு ஜீப் எத்தனை மணிக்கு வந்துச்சு, சோல்ஜர் இறங்கி நடந்தாரா, வண்டியிலயே உக்காந்திருந்தாரான்னு நோட்ல எழுதுவாங்க, வரலன்னா போன் மேல போன். படு போரான வேலை. ஆனா அந்த நோட்டைத்தான் வக்கீலுங்க கையில எடுத்துட்டுப் போவாங்க. இதை ஒரு வாரம் வந்துட்டுப் போற ஆளால செய்யவே முடியாது. அங்கேயே வீடு எடுத்து, அரபி கத்துக்கிட்டு, யார் வீட்ல குழந்தை பொறந்துச்சு, யாரோட ஆடு காணாம போச்சுன்னு தெரிஞ்சு வச்சிருக்கிற ஆளுதான் முடியும்.

இஸ்ரேலியர்களும் இருக்காங்க, இது நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாது. தாயுஷ்னு 2000ல ஆரம்பிச்ச குரூப், சனிக்கிழமை சனிக்கிழமை ஜெருசலேம்ல இருந்து வந்து மேய்ப்பர்களோட நடப்பாங்க. அப்புறம் காமெட்-எம்இன்னு ஒண்ணு, ரெண்டு இயற்பியல்காரங்க ஆரம்பிச்சது, கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்காத குகை வீடுகளுக்கு சோலார் போட்டாங்க, ராத்திரி லைட்டை விட பெண்களுக்குப் பெரிய நிம்மதி தயிர் கடையுற மெஷினும் ஃப்ரிட்ஜும்தான். 2017ல பெத்லகேம் பக்கம் ஒரு கிராமத்துல அவங்க போட்ட 96 பேனலை பர்மிட் இல்லன்னு மிலிட்டரி தூக்கிட்டுப் போச்சு, பணம் குடுத்த நெதர்லாந்து அரசாங்கம் சண்டை போட்டு திரும்ப வாங்குச்சு.

ஒருநாள் வந்து செல்ஃபி எடுத்துட்டு கெஃபியே (பாலஸ்தீனக் கட்டம் போட்ட துண்டு) கட்டிட்டு கிளம்புற கூட்டமும் உண்டு, மறைக்க வேண்டியதில்ல. ஆனா ஊர்க்காரங்க ஏமாளிங்க இல்ல. யாரை ஆட்டுக்கூட அனுப்பணும், யாருக்கு டீ குடுத்து அனுப்பி வைக்கணும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

இதனால ராணுவம் அந்த ஊர் வீடுகளை இடிக்கிறது நிக்குதான்னா, இல்ல. 2023 அக்டோபர்ல காஸா போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ரொம்ப மோசம், ஜனூட்டா மாதிரி ஊர்ல மொத்த ஜனமும் மூட்டை கட்டிட்டுப் போயிட்டாங்க. உம் அல்-கைர்ல அவ்தா ஹதாலீன்னு ஒரு இங்கிலீஷ் டீச்சர், வர்ற வாலண்டியர் எல்லாருக்கும் அவர்தான் நண்பர். 2025 ஜூன்ல கலிஃபோர்னியாவுல ஒரு யூத வழிபாட்டுக் குழு அழைச்சு விசாவோட போனவரை சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்ல இருந்தே திருப்பி அனுப்பிட்டாங்க, ஜூலை 28 அன்னிக்கு சொந்த ஊர்லயே செட்டிலர் ஒருத்தர் சுட்டு இறந்துட்டார். உடம்பைக் குடுக்காம போலீஸ் ஒரு வாரத்துக்கு மேல வச்சிருந்துச்சு, ஊர்ப் பெண்கள் உண்ணாவிரதம் இருந்து வாங்கினாங்க. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனதுக்குக் காரணம் அவர் வீட்ல சாப்பிட்ட அத்தனை ஊர் ஆளுங்களும் அவரவர் ஊர்ல கத்தினதுதான். உயிர் திரும்பல. அதனால பிரயோஜனம்னு அதை சொல்லலாமா எனக்கே சந்தேகம்தான்.

நாமளும் போகலாமான்னு கமென்ட்ல கேப்பீங்க. மேற்குக் கரைக்குள்ள போற எல்லா வழியும் இஸ்ரேல் கையிலதான், அதனால இந்திய பாஸ்போர்ட்டுக்கு அவங்க விசா வேணும், ஏர்போர்ட்ல மணிக்கணக்கா கேள்வி கேப்பாங்க. 2025 அக்டோபர்ல புரின் கிராமத்துல ஆலிவ் பறிக்கப் போன 32 வெளிநாட்டுக்காரங்களைப் பிடிச்சு நாடு கடத்தினாங்க, நான் போன காலத்துல இந்த அளவுக்கு இல்ல.