இரத்தத்தில் சீனி இறங்கினால் பக்கத்து வீட்டார் என்ன செய்யவேணும்? – கேள்வி பதில்

கொழும்பில் சீனி வருத்தத்தோடு இருக்கும் மூத்தவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர் நீரிழிவு கிளினிக்கில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி.

வெள்ளவத்தை, 74 வயது: மிஸி, நான் தொடர்மாடியில் தனிய இருக்கிறன். பிள்ளைகள் லண்டனில். சீனிக்குக் கிளிக்லசைட் குளிசை காலையும் இரவும். போன கிழமை விடியப்புறம் உடுப்பு நனைய வியர்த்து, கை நடுங்கி எழும்பினன். முன்வீட்டு அன்ரி உதவி செய்யத் தயார். அவவுக்கு என்ன சொல்லிவைக்க?

முதல் உங்களிடம் ஒரு கேள்வி: இரவு என்ன சாப்பிடுகிறீர்கள்? தனிய இருக்கிறவர்கள் பலர் இரண்டு விசுக்கோத்தும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு, முழுச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பண்ணின குளிசையைப் போடுகிறார்கள். சாப்பாடு குறைந்தது, குளிசை குறையவில்லை. விடியப்புற வியர்வைக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். இதை அடுத்த கிளினிக் வரை வைத்திருக்காமல் இந்தக் கிழமையே டொக்டரிடம் சொல்லி, இரவு அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.

இனி அன்ரிக்கு. சீனி பார்க்கும் மீற்றரில் 70க்குக் (mg/dL) கீழே காட்டினால், அல்லது மீற்றர் தேட நேரமில்லாமல் வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் என்று கண்டால், மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கப் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கட்டும். மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் சோதிக்கவேணும். இன்னும் 70க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடியும். சரியான பிறகு ஒரு துண்டு பாண் அல்லது மூன்று நாலு கிறீம் கிறேக்கர். இந்தக் கடைசிப்படியைத்தான் எல்லாரும் விடுவது. கிளிக்லசைட் மணித்தியாலக்கணக்கில் வேலை செய்யும், ஏறின சீனி மறுபடி இறங்கும். அன்றைக்கு முழுக்க உங்களைத் தனிய விடக்கூடாது.

சொக்லட், மில்க் ரொஃபி வேண்டாம். அதில் இருக்கும் கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவேணும். அது இலவசம்.

பிரஷருக்கு அட்டெனலோல் மாதிரியான குளிசை எடுக்கிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் ஒளியாது. அன்ரிக்கு அந்த அடையாளத்தை அழுத்திச் சொல்லுங்கள்.

திறப்பு ஒன்று அவவிடம் இருக்கட்டும். இரவில் உள்பக்கச் சங்கிலி போடாதீர்கள், போட்டால் திறப்பு இருந்தும் பிரயோசனமில்லை. காலை 7 மணிக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள், 7.30 வரை வராவிட்டால் அவ வந்து தட்டட்டும். மகன் ஒவ்வொரு நாளும் எடுக்கிறார்தான், ஆனால் உங்கள் விடியற்காலை அவருக்கு நடுச்சாமம். குளிசைப் பெயர்களையும் மேலே சொன்னதையும் ஒரு தாளில் எழுதி பிறிட்ஜில் ஒட்டுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், கீழே இருக்கிற வாட்சர்தான் முதலில் ஓடிவரக்கூடும்.

தெஹிவளை, 79 வயது: என்ட HbA1c (மூன்று மாதச் சீனிச் சராசரி) 7.8. டொக்டர் பரவாயில்லை என்கிறார். மகன் 6க்குக் கொண்டுவரச் சொல்லிச் சண்டை.

டொக்டர் சொல்வது சரி. வேறு வருத்தங்களும் உள்ள மூத்தவர்களுக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்பதுதான் பொதுவான அளவுகோல். 6 என்பது நாற்பது வயதுக்காரருக்கு அழகு. உங்கள் வயதில் குளிசையைக் கூட்டி அந்த எண்ணைத் துரத்தினால், இரவில் சீனி இறங்கி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் போய் முடியும். மகனை ஒருநாள் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கொட்டாஞ்சேனை, 68 வயது: கிளினிக் நாளில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க விடிய முதலே போய் வரிசையில் நிற்கிறன். தலை சுத்துது. குளிசை போட்டிட்டுப் போறதா, போடாமலா?

சீனிக் குளிசையோ இன்சுலினோ, காலையில் எடுப்பதைக் கையில் கொண்டுபோங்கள், இரத்தம் கொடுத்துச் சாப்பிடும் நேரத்தில் எடுங்கள். பழக்க தோஷத்தில் வீட்டிலேயே போட்டுவிட்டு மூன்று மணித்தியாலம் வெறும் வயிற்றில் நிற்பதுதான் அங்கே நடக்கும் வழக்கமான பிழை. பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு வழமைபோலப் போடலாம்.

எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியால இடைவெளி போதும். முதல்நாள் 7 மணிக்கே சாப்பிட்டுப் படுத்து, காலை 10 மணிக்கு வாயில் வைத்தால் அது பதினைந்து மணித்தியாலம். தலை சுற்றாமல் என்ன செய்யும்? முதல்நாள் இரவு 9 மணிக்குச் சாப்பிடுங்கள். இரண்டு பேராகப் போனால் ஒருவர் வரிசையைப் பிடிக்க மற்றவர் உட்காரலாம். வியர்த்தால் யோசிக்காமல் சீனியை வாயில் போடுங்கள், அன்றைய இரத்தச் சோதனை போனால் போகட்டும்.

மட்டக்குளி, 70 வயது: கலங்கல் இன்சுலின் போடுறன். கரண்ட் நின்றால் பழுதாகுமா?

சில மணித்தியாலத்தில் ஆகாது. திறந்த போத்தல் வெளியிலேயே ஒரு மாதம் தாங்கும், வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் இருந்தால். திறந்த திகதியை லேபலில் எழுதுங்கள். நாள்கணக்கில் கரண்ட் இல்லையென்றால் ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் சின்ன முட்டியை வைத்து, போத்தலை அதற்குள் வைக்கலாம். காற்று காய்ந்திருந்தால் அது நன்றாகக் குளிரும். கொழும்புப் புழுக்கத்தில் ஒன்றிரண்டு பாகைதான் குறையும், அதுவும் உதவிதான்.

நான் அதிகம் பயப்படுவது சூட்டுக்கல்ல, உறைவதற்கு. பிறிட்ஜில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்ததும், கிளினிக்கிலிருந்து ஐஸ்கட்டியோடு ஒட்டிக் கொண்டுவந்ததும் உறைந்துவிடும். உருகின பிறகு பார்க்க வித்தியாசம் தெரியாமலும் போகலாம், ஆனால் சரியாக வேலை செய்யாது. பிறிட்ஜின் கதவுத்தட்டில் வையுங்கள். பயணத்தில் துவாயால் சுற்றி ஐஸிலிருந்து பிரித்து வையுங்கள்.

போடுமுன் போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பத்துத் தரம் உருட்டுங்கள், குலுக்கவேண்டாம். பால்போல ஒரே சீராக வரவேணும். கண்ணாடியில் வெள்ளைத் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் எறியுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தி வயிற்றில் கட்டி விழுந்திருந்தால் அங்கே போடும் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வேறு நல்ல இடத்துக்கு மாறும்போது சீனி திடீரென இறங்கக்கூடும், அந்தக் கிழமை அடிக்கடி சோதியுங்கள்.

பம்பலப்பிட்டி, காலையில் சேர்ந்து நடக்கும் குழு: ஆறு பேர் சேர்ந்து ஒரு மீற்றர் வாங்கினோம். பிழையா?

மீற்றர் பிழையில்லை, ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியால் துடைத்தால். விரலில் குத்தும் பேனையை மட்டும் பகிரவே கூடாது. ஊசியை மாற்றினாலும் பேனையின் நுனியில் இரத்தம் ஒட்டும், ஹெப்படைட்டிஸ் பி அப்படியும் பரவும். ஆறு பேருக்கும் ஆறு பேனை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் வெட்டின விரலில் 250 காட்டும், ஆள் பயந்துபோவார். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள், கடற்காற்றின் ஈரம் அதைக் கெடுக்கும். கிளினிக் கணக்குக்கும் மீற்றருக்கும் 15 வீதம் வித்தியாசம் வருவது சகஜம்.

யாராவது ஒருவர் பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும்.

கொள்ளுப்பிட்டி: கொத்தலஹிம்புட்டு மரக்கோப்பைத் தண்ணி குடிக்கலாமா? குறிஞ்சா வறை?

வறை சோற்றோடு தாராளமாக. கோப்பைத் தண்ணீரில் உண்மையான மருந்துக்குணம் உண்டு, மாச்சத்து சீனியாக உடைவதை அது தாமதப்படுத்தும். உண்மையான மருந்து என்பதால்தான் கவனம்: குளிசையோடு சேர்ந்து சீனியை இறக்கலாம். டொக்டரிடம் மறைக்காதீர்கள், குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வத்தளை: குரக்கன் பிட்டு எவ்வளவும் சாப்பிடலாம்தானே?

இல்லை. குரக்கன் மாவிலும் அரிசி மாவுக்குக் கிட்டத்தட்ட அதே மாச்சத்துத்தான். நார் கூட, அவ்வளவே. பிட்டைப் பாதியாக்கி, மிச்ச இடத்தில் வல்லாரைச் சம்பலும் மரக்கறியும் வையுங்கள்.

கதிரேசன் வீதி, 72 வயது: வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வெறுங்காலோடை போகவேண்டாம் என்கினம். கால் விறைப்பு இருக்கு.

கோயிலுக்குப் போங்கள், வெயில் ஏறுமுன். மத்தியானப் பூசைக்கு வெளிவீதியில் நின்றால் கால் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது, அடுத்தநாள் கொப்புளம்தான் சொல்லும். தடித்த பருத்திக் காலுறை போடுங்கள், சுவாமி கோபிக்கமாட்டார். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் ஒற்றி, அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வையுங்கள், கண் தெளிவில்லாவிட்டால் வீட்டுக்காரி பார்க்கட்டும். எண்ணெயை விரலிடுக்கில் பூசவேண்டாம். சுடுதண்ணீரை முழங்கையால் சோதித்த பிறகே கால் வைக்கவேணும்.

மருதானை: வாந்தி, வயிற்றோட்டம் என்றால் மெட்ஃபோமின் சீனிக் குளிசையைப் போடலாமா?

தண்ணீர் வற்றும் அளவுக்குப் போனால் நிறுத்திவிட்டு அன்றே டொக்டருக்குச் சொல்லுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக்கூடாது. உப்புக்கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக, நாலு மணிக்கொருதரம் சோதனை.

அதே ஆள்: மலத்தில் முழுக் குளிசை மாதிரி வெளியே போகுது!

மெதுவாகக் கரையும் மெட்ஃபோமினின் வெறும் கோது அது. மருந்து உள்ளே இறங்கிவிட்டது. இன்னொன்று போடாதீர்கள்.